சீர்த் தாம்பாளத்துக்கு ஒரு லேப்டாப்

தங்கதுரை: பொட்டி இவ்ளோதானா தம்பி?

இளவரசன்: இவ்ளோதாங்க சார். உள்ள லேப்டாப்பு, சார்ஜரு, கேரண்டி பேப்பரு. வேற இன்னா வரும்?

தங்கதுரை: இன்னாப்பா இது, பொடவ வெக்கற அட்டப் பொட்டி கூட இத விடப் பெருசா இருக்கும். இதத் தூக்கிக்கினு நான் கல்யாண மண்டபத்துல நொழைஞ்சா இன்னா சொல்லுவானுங்க? பொண்ணோட தாய்மாமன் ஜாக்கெட் துணி எடுத்தாந்து குடுத்துட்டு சாப்புட்டுப் போறான்னுதான் சொல்லுவானுங்க.

தனுஷா: மாமா... பொட்டியப் பாத்து வாங்கற சாமானா இது?

தங்கதுரை: நீ சும்மா இரு பாப்பா. கல்யாணம்தான் உன்னுது. சீரு என்னுது.

இளவரசன்: ஓ... சீர் வெக்கறதுக்குங்களா? நான் இந்தக் கடையில சேந்ததுலருந்து காலேஜுக்கு கேட்டிருக்காங்க, ஆபீசுக்கு கேட்டிருக்காங்க. தாய்மாமன் சீருக்குன்னு லேப்டாப்பு யாரும் கேட்டதில்ல சார்.

தங்கதுரை: நான் மட்டும் கேட்டனா? பீரோ எடுத்துத் தரேன், தேக்குல கட்டில் போட்டுத் தரேன், ஊரே பாக்கறா மாதிரி டிராக்டர்ல ஏத்தியாரேன்னு சொன்னேன். எனக்கு லேப்டாப்புதான் வேணும்னு போன்லயே ஒரே புடியா நின்னுட்டா. சரி, பெருசா ஒண்ணு இருக்கும், நாலு பேரு புடிச்சித் தூக்கறா மாதிரின்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா சிலேட்டு எடுத்து நீட்டற.

தனுஷா: நாலு பேரு தூக்கினா அதுக்குப் பேரு லேப்டாப்பு இல்ல மாமா.

இளவரசன்: மேடம், அந்தப் பெரிய பைய கவுண்டர்ல வெச்சிட்டு ஃப்ரீயா பாருங்களேன். வந்ததுலருந்து தோள்லயே மாட்டிக்கினு நிக்கிறீங்க.

தனுஷா: இருக்கட்டும்ணா. பரவால்ல.

தங்கதுரை: குடு இங்க, நான் வெச்சிக்கறேன். இன்னாது இது... கல்லா போட்டு எடுத்தாந்திருக்க?

தனுஷா: தொடாதீங்க மாமா. கல்யாணப் பத்திரிக கட்டு.

தங்கதுரை: பத்திரிகையா? ணங்குனு சத்தம் வருது.

தனுஷா: தண்ணி பாட்டலும் இருக்குது. நீங்க லேப்டாப்பப் பாருங்க.

தங்கதுரை: உங்கம்மாவாண்ட இன்னா சொல்லிட்டு வந்த?

தனுஷா: ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு வரேன்னு. நீங்க அத்தையாண்ட?

தங்கதுரை: கரும்புக்கு உரம் வாங்கப் போறேன்னு. போறப்ப ஒரு மூட்ட வாங்கிக்கினு போவணும், நெனப்பு பண்ணு.

இளவரசன்: சார், ரெண்டு பேரும் ஒரே வூட்டுலருந்து வரலையா?

தங்கதுரை: அத ஏன் கேக்கற தம்பி. ஒரே ஊரு, கச்சிராயபாளையம். அவ கெழக்கால தெரு, நான் மேக்கால தெரு. காலையில ஒரே பஸ்சுலதான் வந்தோம். நான் முன்னாடி சீட்டு, அவ பின்னாடி சீட்டு. யாரோ எவரோ மாதிரி கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டுல டீக்கட ஓரமா நின்னுதான் மொதவார்த்த பேசினோம்.

தனுஷா: கண்டக்டரு அண்ணன் அப்பவே சிரிச்சிட்டாரு மாமா. அவரும் நம்ம ஊருதானே.

தங்கதுரை: சிரிச்சானா? நான் ஜன்னல் பக்கமா திரும்பிக்கினு இருந்தேன். பாக்கல.

இளவரசன்: சரிங்க... மேடம், இதப் பாருங்க. புது மாடல். எட கம்மி. ஒரு வெரல்ல தூக்கலாம்.

தங்கதுரை: ஒரு வெரல்ல தூக்கறதுக்கு நான் எதுக்கு? எங்கூட ஒரு கூட்டமே வரும். மேளம் வரும்—

தனுஷா: மேளமா? மேளத்துக்கு யாரு சொன்னது?

தங்கதுரை: யாரும் சொல்லல. ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

தனுஷா: ம்ம். அண்ணா, இதுல கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்குதா?

இளவரசன்: தனியா இல்லங்க மேடம். பிராசசரோட சேந்தே வரும். ஆனா நல்லா—

தனுஷா: ரேம் எவ்ளோ?

இளவரசன்: எட்டு ஜிபி.

தனுஷா: பின்னாடி ஏத்திக்கலாமா?

இளவரசன்: அது... போர்டோடயே ஒட்டி வருது மேடம். ஏத்த முடியாது.

தனுஷா: அப்ப எனக்கு ஆவாதுண்ணா. ரெண்டு கேமரா, ஒரு ட்ரோனு, எல்லாமே ஃபோர் கே. மூணையும் ஒண்ணா போட்டு ஓட்டினேன்னா, சரியா தாலி கட்டற எடத்துல வந்து இது நின்னுக்கும்.

தங்கதுரை: இன்னாது... தாலி கட்டற எடத்துல நின்னுக்குமா? தம்பி, எடுத்து உள்ள வை. சீருக்கு அது வாணவே வாணாம்.

இளவரசன்: சார், அது வீடியோ நிக்கறது...

தங்கதுரை: எது நின்னா இன்னா. வாய்ல வந்துட்டுது, வுடு. வேற காட்டு.

இளவரசன்: மேடம் வீடியோ எடிட்டிங் பண்றீங்களா? யூடியூபுக்கா?

தங்கதுரை: யூடியூபா? நல்லா கேட்ட போ. கச்சிராயபாளையத்துலருந்து சின்னசேலம் வரைக்கும் எவன் வூட்டுல கல்யாணம் காதுகுத்து நடந்தாலும் சரி, கேமராக்காரன் எவனா இருந்தாலும் சரி, கடசியில அத வெட்டி ஒட்டி, பாட்டு போட்டு, படமாக்கிக் குடுக்கறது யாருன்ற? இவதான். இப்ப உன் முன்னாடி பத்திரிகக் கட்டத் தூக்கிக்கினு நிக்கிறாளே, இவ.

தனுஷா: மாமா, ஜாஸ்தியா அளக்கறீங்க.

தங்கதுரை: இன்னா ஜாஸ்தி? போன மாசம் நம்ம ஊரு பெரிய மண்டபத்துல கல்யாணம், அது நீ பண்ணதுதானே? அதுக்கு முன்னாடி சங்கராபுரத்துக்காரன் பொண்ணு கல்யாணம்? தை மாசத்துல அந்த மில்லுக்காரர் வூட்டு வளைகாப்பு?

தனுஷா: எங்கூட நாலு வருசமா பேசாம இருந்த மாமாவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?

தங்கதுரை: ...காத்துவாக்குல காதுல விழும். ஊருன்னு ஒண்ணு இருக்குதில்ல.

இளவரசன்: ஒரு நிமிசம் மேடம். நீங்க கச்சிராயபாளையம் தனுஷாங்களா? எங்க மச்சான் கல்யாணத்துக்கு வந்த ஸ்டுடியோக்காரரு சொன்னாரு. அந்தப் பொண்ணாண்ட குடுத்தா லேட்டாவும், ஆனா ஒருத்தர் மூஞ்சி வுட்டுப் போவாது, வூட்டுக்கு வந்து சண்ட புடிக்க மாட்டாங்கன்னாரு.

தங்கதுரை: கேட்டுக்க. நான்தான் அளக்கறேன். இவரும் அளக்கறாரா?

இளவரசன்: அது எப்பிடி மேடம்? ஆயிரம் பேரு வர எடத்துல?

தனுஷா: வந்தவங்க எல்லாரையும் வெக்க முடியாதுண்ணா. ஆனா கையில தட்டு தூக்கிக்கினு வந்தவங்க, மேடையேறி நின்னவங்க... அவங்கள எண்ணி வெச்சிக்குவேன். ஒரு தடவையாச்சும் மூஞ்சி தெளிவா தெரியணும். தெரியற வரைக்கும் தேடி எடுத்து வெச்சிட்டுதான் வெளிய குடுப்பேன். நீளமாவுதுன்னு கேமராக்காரங்க சலிச்சிக்குவாங்க. ஆவட்டுமே. புதுசா செருப்பு வாங்கிப் போட்டுக்கினு, தல சீவி, பூ வெச்சிக்கினு வந்திருப்பாங்க. வூட்டுல டிவி முன்னாடி உக்காந்து, இப்ப நான் வருவேன், இப்ப நான் வருவேன்னு பாத்துக்கினே இருப்பாங்கல்ல.

தங்கதுரை: நீ பாரு பாப்பா. தம்பி, குடிக்கத் தண்ணி இருக்குதா?

இளவரசன்: இந்தாங்க சார். ஏன் மேடம்... தெரிஞ்சவங்க யாருக்காச்சும் அப்பிடி ஆயிடுச்சா?

தனுஷா: எங்கம்மாவுக்குதான். நாலு வருசத்துக்கு முன்னாடி, மாமா பையன் அஜித்து கல்யாணம். மாப்பிள்ளைக்கு அத்தைன்னா எங்கம்மாதான். எங்க தாத்தா வூட்டுப் பெரிய பித்தளத் தாம்பாளம் ஒண்ணு இருக்குது, எங்க குடும்பத்துல எந்த சீரு எறங்கினாலும் அந்தத் தாம்பாளத்துலதான் எறங்கும். அதத் தூக்கிக்கினு எங்கம்மா முன்னாடி நடந்து வந்தாங்க. அப்பறம் ஒரு நாள் வீடியோ வந்துது. மாமா வூட்டுல எல்லாரும் கூடி உக்காந்து, கறி ஆக்கி சாப்புட்டுக்கினே பாக்கறோம். அம்மா வரல. தாம்பாளமும் வரல. படமே முடிஞ்சி போச்சு, எங்கம்மா இன்னும் டிவியவே பாத்துக்கினு உக்காந்திருக்காங்க.

தங்கதுரை: வெட்டி ஒட்டினவன் எவனோ வெளியூர்க்காரன். அவனுக்கு எங்கக்கா யாருன்னு தெரியுமா, தாம்பாளம் இன்னான்னு தெரியுமா. பாட்டுக்கு நீளம் ஜாஸ்தின்னு வெட்டிக் கடாசிட்டான்.

தனுஷா: வெட்டினதுக்கு அம்மா கோச்சிக்கல மாமா.

தங்கதுரை: தெரியும். நீ வேற ஞாபகப்படுத்து.

தனுஷா: ஒரு ரெண்டு நிமிசப் படத்துக்கா இம்மாம் மூஞ்சத் தூக்கிக்கினு உக்காந்திருக்கன்னு கேட்டுட்டாரு எங்க மாமா. அவ்ளோதாண்ணா. அம்மா எழுந்து கையக் கழுவிட்டு, தாம்பாளத்த எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வந்துட்டாங்க. அன்னியோட பேச்சு வார்த்த முடிஞ்சிது. என் கல்யாணம் முடிவானதும், அவன் வூட்டு சீரு என் பொண்ணுக்கு வாணாம்னு சொல்லிட்டாங்க. பத்திரிகையில தாய்மாமன்னு பேரு மட்டும் போட்டாங்க.

தங்கதுரை: பேரு போட்டாளா?

தனுஷா: அது போட்டாங்க.

தங்கதுரை: ...நல்லா தெரியறா மாதிரியா, அடியில எங்கியாச்சுமா?

தனுஷா: மேலயேதான் மாமா. தங்கதுரை, கச்சிராயபாளையம்னு.

தங்கதுரை: அது போதும். பேரு போட்டதுக்கப்பறம் மாமன் கைய வீசிக்கினு வந்தா நல்லாவா இருக்கும்? அதான் தம்பி, ஒளிஞ்சி ஒளிஞ்சி வந்து வாங்கறோம். வாங்கி எடுத்துக்கினு நேரா மண்டபத்துக்கே போயிடறதுன்னு இருக்கேன். எங்கக்கா வாசல்லயே நிறுத்தி, எதுக்குடா வந்தன்னு கேட்டாள்னு வை... அம்மாம் பேருக்கு முன்னாடி என் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது? ஆனாலும் போவேன். மாமன் சீரு இல்லாம இந்தப் பொண்ணு மணையில உக்காரக் கூடாது.

தனுஷா: போதும் மாமா. கண்ணு கலங்கினா லேப்டாப்பு ஸ்க்ரீன் எப்பிடித் தெரியும் உங்களுக்கு? அண்ணா, கேமிங்குக்குன்னு ஒரு மாடல் வருமே, அது ஸ்டாக்குல இருக்குதா?

இளவரசன்: இருக்குது மேடம். ஆனா அது கொஞ்சம் குண்டா இருக்கும், கனம் ஜாஸ்தி...

தங்கதுரை: குண்டா இருக்குமா? எடுத்தா.

இளவரசன்: சார்ஜரே தனியா ஒரு செங்கல்லு மாதிரி இருக்கும் சார்.

தங்கதுரை: இத முன்னாடியே காட்டறதுக்கு இன்னா தம்பி? பொட்டி?

இளவரசன்: அதோ, அந்த ஓரத்துல இருக்குது பாருங்க. அதான் பொட்டி.

தங்கதுரை: ஆங்... இது பொட்டி. இதான் பொட்டி. இத ரெண்டு கையாலயும் புடிச்சாதான் தூக்க முடியும். பாப்பா, இதான்.

தனுஷா: இன்னும் தொறக்கவே இல்ல மாமா.

இளவரசன்: மேடம், கிராபிக்ஸ் கார்டு தனி. ரேம் பதினாறு இருக்குது, இன்னொரு ஸ்லாட்டு காலியா வுட்டிருக்காங்க, பின்னாடி ஏத்திக்கலாம். ஸ்டோரேஜும் ஏத்திக்கலாம். பேட்டரிதான் ரொம்ப நேரம் நிக்காது, அத மறைக்கக் கூடாது.

தனுஷா: அது தெரியும்ணா. கல்யாணத்துக்கு அப்பறம் நான் வெள்ளிமலைக்குப் போறேன். அவரு அங்க ஸ்கூல்ல வாத்தியாரு. காத்தடிச்சா கரண்ட் போயிடும், மழ வந்தா கேக்கவே வாணாம். கம்ப்யூட்டரா இருந்துச்சுன்னா செஞ்சதெல்லாம் போச்சு. இது, கரண்ட் போனதும் சேவ் பண்ணி மூடற வரைக்கும் நின்னாலே போதும்.

இளவரசன்: மலைக்குப் போயிட்டா வேல எப்பிடி வரும் மேடம்?

தனுஷா: ஹார்ட் டிஸ்க்க கீழருந்து பஸ்சுல குடுத்தனுப்பறேன்னு சொல்லிட்டாங்க. டிரைவரு அண்ணங்க எல்லாம் தெரிஞ்சவங்கதான். முடிச்சி அதே பஸ்சுல எறக்கி வுட்டுடுவேன்.

தங்கதுரை: கல்யாணம் ஆயி மலையேறினதும் இவ வேல நின்னு போயிடும்னு எங்க ஊர்ல நாலு பேரு பேசினான். அவனுங்களுக்குதான் தம்பி இந்தப் பொட்டிய பெருசா வாங்கறேன். வேல நிக்காது, அதுவும் கூடவே மலையேறுதுன்னு கண்ணால பாக்கட்டும்.

தனுஷா: அண்ணா, ஆன் பண்ணுங்க.

தங்கதுரை: ஏ... இது இன்னா, எழுத்துக்கு அடியில எல்லாம் செவப்பா வெளக்கு எரியுது?

இளவரசன்: கீபோர்டு லைட்டு சார். கலர் மாத்திக்கலாம்.

தங்கதுரை: மாத்தாத. செவப்பே இருக்கட்டும். சீருன்னா இப்பிடிதான் இருக்கணும். மண்டபத்துல நொழையறப்ப இதத் தொறந்து வெச்சே எடுத்துக்கினு வருவேன், வெளக்கெல்லாம் எரிஞ்சிக்கினு.

தனுஷா: தொறந்து வெச்சி யாராச்சும் லேப்டாப்பத் தூக்கிக்கினு வருவாங்களா?

தங்கதுரை: தேங்கா, பழம்லாம் மூடி வெச்சா எடுத்தாராங்க? உள்ள இன்னா இருக்குதுன்னு ஊருக்குத் தெரிய வாணாமா?

இளவரசன்: சார் சொல்றதும் சரிதான் மேடம்.

தனுஷா: நீங்களுமாண்ணா? சரி, ஸ்க்ரீனப் பாக்கறேன். கலர் எப்பிடி இருக்குதுன்னு பாத்தாதான். எங்கிட்ட இருக்கற பழசுல பொண்ணுக்கு மஞ்ச பூசின மூஞ்சி மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி தெரியும். அத சரி பண்றேன்னு நான் கலர கம்மி பண்ணிடுவேன். அப்பறம் டிவியில போட்டுப் பாத்தா, மூஞ்சில மஞ்சளே இல்லாம வெளுத்துக் கெடக்கும். ஒரு மாமியாரு எங்கிட்ட போன் பண்ணி, எம்மருமவளுக்கு நலங்கே வெக்காத மாதிரி காட்டிட்டியேம்மான்னு கேட்டாங்க.

இளவரசன்: இது கலர் நல்லா காட்டும் மேடம். நீங்களே உங்க வீடியோவப் போட்டுப் பாருங்க. இந்த பீஸுல எடிட்டிங் சாஃப்ட்வேரு போட்டு வெச்சிருக்கோம், காட்டறதுக்குன்னே.

தனுஷா: பென்டிரைவு எடுத்தாந்திருக்கேன். மாமா, நீங்க அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கினு உக்காருங்க.

தங்கதுரை: நான் எதுக்கு? எனக்கு இன்னா தெரியும் அதுல?

தனுஷா: உக்காருங்கன்றேன்ல.

இளவரசன்: காப்பி ஆவுது... ஆயிடுச்சு. பரவால்லியே, இம்மாம் பெரிய ஃபைலு.

தனுஷா: மூணு கேமராவையும் ஒண்ணா ஓட்டறேண்ணா. நிக்குதா பாக்கலாம். ...நிக்கல. நல்லா ஓடுது. செவப்பு செவப்பாவே இருக்குது. மாமா, ஸ்க்ரீனப் பாருங்க.

தங்கதுரை: பாத்துக்கினுதான் இருக்கேன். எவன் கல்யாணமோ. இந்த மண்டபம் எங்கியோ பாத்த மாதிரி... ஏ பாப்பா, இது அஜித்து கல்யாணம் பண்ண மண்டபமாச்சே.

தனுஷா: ஆமா.

தங்கதுரை: அது எங்க சம்பந்தி. அது... அது நானு. வேட்டிய ஏன் அப்பிடித் தூக்கிக் கட்டியிருக்கேன்? இது அஜித்து கல்யாணம். இதுல இல்லியே இந்த எடம், அந்தப் படத்துல இது...

இளவரசன்: சார், முன்னாடி ஒரு அம்மா தாம்பாளம் தூக்கிக்கினு வராங்களே, யாரு அவங்க? இன்னா கம்பீரம். கூட்டமே வழி வுடுது.

தங்கதுரை: எங்கக்கா தம்பி. கொளஞ்சியம்மா.

தனுஷா: மாமா...

தங்கதுரை: பாரு தம்பி, அவ நடைய பாரு. அம்மாம் கனத் தாம்பாளம், ஒரு பக்கம் சாயுதா பாரு. நான் கைப்பிள்ளையா இருந்தப்ப இடுப்புல என்னை வெச்சிக்கினு, தலையில புல்லுக் கட்ட வெச்சிக்கினு வரப்புல நடந்தவ. இதப் போயி ரெண்டு நிமிசப் படம்னு சொன்னேன். என்னை செருப்பால அடிக்கணும்.

தனுஷா: இத முழுப் படமாக்க எக்ஸ்போர்ட் வெக்கறேண்ணா, எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பாக்கலாம். மாமா, உங்க காதுல இன்னொண்ணு போடணும்.

தங்கதுரை: இன்னா?

தனுஷா: இது எனக்கு எப்பிடிக் கெடச்சிதுன்னு கேக்கவே இல்லியே?

தங்கதுரை: அதானே... எப்பிடி?

தனுஷா: அஜித்து கல்யாணத்துக்கு கேமரா புடிச்ச பச்சமுத்து அண்ணன் இப்ப எங்கிட்டதான் எடிட்டிங் குடுக்கறாரு. எங்கம்மா வர எடம் மட்டும் பழைய டிஸ்க்குல இருக்குமாண்ணான்னு கேட்டேன். இருக்குது, அழிக்க வுட மாட்டேன்றாரே ஒருத்தருன்னாரு. யாருண்ணான்னு கேட்டேன்.

தங்கதுரை: அவன் ஒரு ஓட்ட வாயி.

தனுஷா: உங்க மாமாதான்னாரு. ஒவ்வொரு பொங்கலுக்கும் தோட்டத்துக் கரும்பு ஒரு கட்டு கொண்டாந்து வாசல்ல எறக்குவாராம். உள்ள கூட வர மாட்டாராம். எங்கக்கா வர எடத்த மட்டும் அழிச்சிடாதடா பச்சமுத்துன்னு சொல்லிட்டு, அப்பிடியே வண்டிய எடுத்துக்கினு போயிடுவாராம்.

தங்கதுரை: கரும்பு வெளைஞ்சா நாலு பேருக்குக் குடுக்கறதுதான்.

தனுஷா: எங்க வூட்டு வாசல்ல வந்து ஒரு கட்டு எறக்கியிருக்கலாமே?

தங்கதுரை: எறக்கியிருக்கலாம். எடுத்து மறுபடி என் வூட்டு வாசல்லயே போட்டுட்டாள்னா? அதுக்கு பயந்துக்கினுதான். திரும்ப ஒட்டித் தரச் சொல்லியும் கேட்டேன், அவன் ஒட்டற ஆளு இல்லன்னுட்டான். சரி, இருக்கட்டும், அழியாம இருந்தா போதும், இவ படிச்சி முடிச்சி வந்து ஒரு நாளைக்கு ஒட்டுவான்னு... வுடு.

தனுஷா: நான் ஒட்டுவேன்னா? நான் இந்த வேல பண்றேன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?

தங்கதுரை: நீ மொதமொதல்ல பண்ண கல்யாணப் படத்த யாரு வூட்டுல உக்காந்து பாத்தேன்னு போயி கேளு. நமக்கு சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. டிவியில ஓடிக்கினு இருந்துச்சு. உள்ள போயி உக்காந்து, முடியற வரைக்கும் பாத்துட்டு, எங்கக்கா பொண்ணு பண்ணதுன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்க டீ போட்டுக் குடுத்தாங்க.

இளவரசன்: மேடம், எக்ஸ்போர்ட் முடிஞ்சிது.

தனுஷா: அதுக்குள்ளயா? என் பழசுல இது முடியறதுக்குள்ள நான் சோறாக்கி, கொழம்பு வெச்சி, சாப்புட்டும் எழுந்திருப்பேன். ...இதான்ணா. இதையே குடுங்க.

இளவரசன்: சரிங்க மேடம். வெல வந்து சார்—

தங்கதுரை: ஷ்... வெலய என் காதுல மட்டும் சொல்லு. சீரு வாங்கற பொண்ணுக்குத் தெரியக் கூடாது. பாப்பா, நீ அந்தப் பக்கம் திரும்பி ஃபிரிட்ஜப் பாரு.

தனுஷா: பாத்துக்கினு இருக்கேன்.

தங்கதுரை: ம்ம்... ம்ம். சரி. போடு பில்ல. கொறைக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன். ஆனா பொட்டியில ஒரு கீறல் இருக்கக் கூடாது.

தனுஷா: மாமா, இப்ப உண்மையச் சொல்லுங்க. மேளத்துக்கு சொல்லிட்டீங்கதானே?

தங்கதுரை: சொல்லிட்டேன். ரெண்டு செட்டு. டிராக்டருக்குப் பெயின்ட்டும் அடிச்சாச்சு. சீர்க் கூட்டத்துக்கு ஆளுங்க எல்லாம் ரெடி. உங்கத்தக்காரி பொடவ எடுத்துட்டா.

தனுஷா: அத்தையா? அத்தையாண்ட உரம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்னீங்க?

தங்கதுரை: அவதான் என்னை பஸ்சேத்தி வுட்டா. நல்லா பெருசா வாங்குன்னு சொன்னதும் அவதான். உரம்னு சும்மா சொன்னேன். எல்லாம் ரெடியாயிட்டு, உங்கம்மா வாணாம்னு சொல்லிட்டாள்னா நீ மனசு ஒடஞ்சி போவக் கூடாதேன்னு மறச்சேன்.

இளவரசன்: சார், பேக் பண்ணிடட்டுமா?

தங்கதுரை: இரு தம்பி. ஒரு வேல இருக்குது. இங்க பக்கத்துல நல்ல பாத்திரக் கட எது? இந்த லேப்டாப்பு தொறந்த வாக்குல உக்காரறா மாதிரி பெரிய தட்டு ஒண்ணு வாங்கணும். எவர்சில்வர்ல கெடைக்குமா?

இளவரசன்: பஜார்ல கெடைக்கும் சார். ஆனா இந்த சைசுக்கு...

தங்கதுரை: அதான் எனக்கும் கவலையா இருக்குது. இதுக்கு ஏத்தது எங்க வூட்டுத் தாம்பாளம் ஒண்ணுதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி பாத்தியே படத்துல, அது. எங்கப்பன் காலத்துலருந்து அது இல்லாம எங்க வூட்டு சீரு தெருவுல எறங்கினதே இல்ல. இந்தப் பொண்ணுக்குதான்... என் வாயால, இவளுக்குதான் எவர்சில்வர் தட்டுல போவுது.

தனுஷா: மாமா.

தங்கதுரை: ஆவட்டும் வுடு. நல்ல கனமான எவர்சில்வரா பாத்து—

தனுஷா: மாமா, இந்தப் பையப் புடிங்க.

தங்கதுரை: இப்பதான் தொடாதன்ன.

தனுஷா: இப்ப தொடலாம். தொறங்க.

தங்கதுரை: பத்திரிகதானே, வூட்டுக்கு வந்து வெத்தல பாக்கோட குடுக்கணும், கடையில வெச்சி... இன்னாது, துணி சுத்தியிருக்குது... பாப்பா...

இளவரசன்: அடேங்கப்பா. கண்ணாடி மாதிரி மின்னுது சார்.

தங்கதுரை: இது எங்க வூட்டுத் தாம்பாளம். ஓரத்துல எங்கப்பன் பேரு வெட்டியிருக்குது பாரு. பாவிப் பொண்ணே, இத எப்பிடித் தூக்கியாந்த? எங்கக்காவுக்குத் தெரிஞ்சா உன்னை வூட்டுக்குள்ள சேக்க மாட்டா. ஓடு, மொத பஸ்ஸப் புடிச்சி, எடுத்த எடத்துல கொண்டுபோயி வெச்சிடு.

தனுஷா: நேத்து அந்தப் படத்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, பொங்கல் கரும்பையும் சொன்னேன் மாமா... காலையில புளி போட்டுத் தேச்சி, துணியில சுத்தி பைக்குள்ள வெச்சதே அவங்கதான். ‘இதுல சரியா உக்காருதான்னு பாத்து வாங்கு, இல்லன்னா என் தம்பி எவர்சில்வர் தட்டுல எடுத்தாந்து ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிடுவான்’னு சொல்லி அனுப்பினாங்க.